அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் மரப்பட்டை முழுக்க பளிச்சென்ற மஞ்சள் பாசி. இது மரத்தைக் கொல்லுமா?

கொல்லாது. கலிஃபோர்னியா மலைகளில் ஊசியிலை மரங்களின் பட்டையில் எலுமிச்சை நிறத்தில் புதர்போல நிற்பது பெரும்பாலும் ஓநாய் லைக்கன், அறிவியலில் லெத்தாரியா. லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். உள்ளே இருக்கும் பாசி வெயிலில் உணவு தயாரித்துக்கொள்வதால் மரத்திடம் எதையும் உறிஞ்சுவதில்லை. பட்டை வெறும் ஒட்டுமிடம். பட்டுப்போன கிளைகளிலும் செழிப்பாக வளர்வதால் பழி இதன்மேல் விழுகிறது.

நச்சு உண்டு, அது வேறு கதை. அந்த மஞ்சளே வல்பினிக் அமிலம் என்ற நஞ்சுதான். வட ஐரோப்பாவில் இதை இறைச்சியில் கலந்து வைத்து ஓநாய், நரிகளைக் கொன்றிருக்கிறார்கள். அலாஸ்கா கரையோரத் திலிங்கித் மக்கள் நெய்யும் சில்கட் போர்வைகளின் மஞ்சள் நிறமும் மரபாக இதிலிருந்து எடுத்த சாயமே. குழம்பில் போடும் கல்பாசியும் லைக்கன்தானே என்று இதைக் கிள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள்!

அடுத்த முறை போனால் ஒன்றைக் கவனியுங்கள். சிவப்பு ஃபர் என்ற ஊசியிலை மரங்களில் அடிப்பகுதி மொட்டையாக இருக்கும். ஓர் உயரத்துக்கு மேல்தான் மஞ்சள் தொடங்கும். குளிர்காலத்தில் பனி அந்த உயரம்வரை மூடிக்கிடக்கும். நெடுநாள் பனிக்கடியில் இந்த லைக்கன் தாங்காது.