அப்பாவுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

கேள்வி:

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 41 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மனைவி வீட்டிலேயே தையல் தைக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஐந்தாம் வகுப்பு. அம்மாவும் எங்களோடு இருக்கிறார்.

என் பிரச்சினை உங்களுக்குச் சிரிப்பாகக்கூட இருக்கலாம். எனக்குப் புதிதாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும். அதைச் சொன்னதிலிருந்து வீட்டில் அமைதி போய்விட்டது.

2002-இல் இன்ஜினியரிங் சேர்ந்தபோது ஹாஸ்டலில் நாங்கள் ஐந்து பேர். அறைக்கு அறை லேன் கேபிள் இழுத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், கவுண்டர் ஸ்ட்ரைக் என்று விடிய விடிய ஆடுவோம். இப்போது ஒருவன் துபாய், ஒருவன் சிங்கப்பூர், இரண்டு பேர் பெங்களூர். ஆனாலும் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு எல்லோரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வந்துவிடுவோம். பன்னிரண்டு வரை ஆட்டம். உண்மையில் ஆட்டத்தைவிடப் பேச்சுதான் அதிகம். எனக்கென்று இருக்கும் நண்பர்கள் இவர்கள்தான்.

கம்ப்யூட்டர் 2017-இல் போனஸையும் சேமிப்பையும் சேர்த்து சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி நானே அசெம்பிள் செய்தது. ஏழாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம் (மெமரி), ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க். இத்தனை வருஷம் ஒழுங்காக உழைத்தது. இப்போது நண்பர்கள் மாறியிருக்கும் புது கேமில் பாதி ஆட்டத்தில் திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. "நீ வந்து சேர்றதுக்குள்ள மேட்ச் முடிஞ்சிரும்டா" என்று கிண்டல் செய்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. என் பிராசசர் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. அதே அக்டோபரோடு என் கிராஃபிக்ஸ் கார்டு தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், தருவதையும் கார்டு நிறுவனமான என்விடியா நிறுத்திவிட்டது. மானிட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்ற 82,000 ரூபாய் என்று கடையில் எழுதிக் கொடுத்தார்கள். ராம் விலை ஏறிக்கொண்டே போகிறது, சீக்கிரம் முடிவு பண்ணுங்கள் என்றும் சொன்னார்கள். பன்னிரண்டு மாத நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை, உண்டாம்.

என் கைக்கு வருவது 48,000. மனைவியின் தையல் வருமானம் எட்டிலிருந்து பத்தாயிரம். வாடகை, பள்ளிக் கட்டணம், அம்மாவின் சர்க்கரை மாத்திரை, மகள் பெயரில் போடும் சீட்டு எல்லாம் போக மாதக் கடைசியில் நான்காயிரம் மிஞ்சினால் பெரிது.

மனைவியிடம், பையன் அடுத்து பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கப் போகிறான், அவனுக்கும் உதவும் என்றுதான் ஆரம்பித்தேன். "படிப்புக்குன்னா சாதாரண லேப்டாப் போதும்ங்க. நாப்பது வயசுல வெளையாடுறதுக்கு எம்பதாயிரமா?" என்றார். வார்த்தை தடித்தது. அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்த மாமனார், "மாப்பிள்ளை, இந்த வயசுல வீடு கட்டுற யோசனை வரணும்" என்றார். அதிலிருந்து நானும் மனைவியும் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

எனக்குக் குடியில்லை, சிகரெட் இல்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் விளையாடுகிறேன். இது தப்பா? அல்லது எனக்கே தெரியாமல் அடிமையாகிவிட்டேனா?

— ஓசூர் வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அடிமை விஷயத்தை முடித்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். மற்ற வேலை, உறவு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு விளையாட்டு முன்னால் வந்திருக்க வேண்டும். கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர வேண்டும். பொதுவாக இது ஒரு வருடமாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறார்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு உட்கார்ந்து பன்னிரண்டுக்கு எழுந்துவிடுகிறவரை இதில் சேர்க்க முடியாது. அந்தப் பன்னிரண்டு நிஜமாகவே பன்னிரண்டுதானா என்பது மட்டும் உங்கள் மனைவிக்குத்தான் தெரியும்!

எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது வேறு இடம். எனக்கு எழுதும்போது "எனக்கு வேண்டும்" என்று நேராகச் சொல்கிறீர்கள். ஹாஸ்டலில் தொடங்கி அழகாக விளக்கவும் செய்கிறீர்கள். மனைவியிடம் போனதும் அது "பையன் படிப்புக்கு" ஆகிவிட்டது. முகம் தெரியாத எனக்குக் கிடைத்த உண்மை, கூடவே வாழ்கிறவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கெட்டிக்காரர், உடனே கண்டுபிடித்துவிட்டார். லேப்டாப் போதும் என்ற பதிலுக்கு அதுதான் அர்த்தம்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நம் நடுத்தரக் குடும்பங்களில் பெரியவர்களுடைய ஆசைக்குத் தனிக் கணக்கு கிடையாது. எதை வாங்கினாலும் பிள்ளைகளுக்கு, வீட்டுக்கு, விசேஷத்துக்கு என்று ஏதாவது ஒரு தலைப்பில் எழுத வேண்டும். பைக் வாங்கினால் பிள்ளைகளைப் பள்ளியில் விட. பெரிய டிவி வாங்கினால் அம்மா சீரியல் பார்க்க. ஆசையைச் சொல்லவே கூச்சம். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் பெரும்பாலும் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள். நாளைக்கு உங்கள் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், காமர்ஸ் எடுக்கிறேன் என்றால்? அரையாண்டில் மதிப்பெண் குறைந்தால்? "உனக்காக எம்பதாயிரம் போட்டு வாங்கினேனே" என்ற வசனம் உங்கள் வாயிலிருந்து வராமல் இருக்குமா? என்னிடம் வரும் பதின்வயதுப் பிள்ளைகள் பலர் இப்படித் தாங்கள் கேட்காத பொருளுக்குக் கடன்காரர்களாக இருக்கிறார்கள். அவனை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் அப்பாவுடையது, அவனும் பயன்படுத்தலாம், இன்ன நேரத்துக்கு என்று சொன்னால் போதும்.

அடுத்து மனைவி. அவர் மறுப்பதை 82,000 ரூபாய்க்கான மறுப்பாக மட்டும் பார்க்காதீர்கள். தொகை பெரிதுதான், உங்கள் இருவரின் ஒரு மாத வருமானத்தையும் சேர்த்தாலும் அதைவிடக் குறைவு. ஆனால் இன்னொன்றும் இருக்கும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை இரவு உங்களுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். அவருக்கு? அவருடைய பள்ளித் தோழிகள் எங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் பன்னிரண்டு மணிக்குப் படுத்தால் ஞாயிறு காலை பால் வாங்குவதும் உங்கள் அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பதும் யார்? தையல் மெஷின்கூட அவருக்கு வருமானக் கருவிதான், பொழுதுபோக்கு இல்லை. தனக்கென்று எதுவும் கேட்டுப் பழகாத ஒருவர், கேட்கத் தெரிந்த இன்னொருவரைப் பார்க்கும்போது வரும் கோபம் தனி ரகம். அதைப் பொறாமை என்று சுருக்கிவிட முடியாது. நானும் ஏன் கேட்கவில்லை என்ற வருத்தமும் அதில் சேர்ந்திருக்கும்.

அதனால் அவரிடம் பேசும்போது கம்ப்யூட்டருக்கு அனுமதி கேட்கப் போகாதீர்கள். பையன் படிப்பு என்று சொன்னது சாக்குதான், எனக்குத்தான் வேண்டும், இந்த நாலு பேரை விட்டால் எனக்குப் பேச ஆளில்லை என்று சொல்லுங்கள். எனக்கு எழுதியதில் பாதியைச் சொன்னாலே போதும். பிறகு, உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் முதலில் மிக்ஸி, கேஸ் அடுப்பு, மகளுக்குக் கொலுசு என்று வரும். அதெல்லாம் வீட்டுச் செலவு, உனக்கு என்ன என்று மறுபடி கேளுங்கள். பதில் வர ஒரு வாரம்கூட ஆகலாம். பணமாகக் கேட்காமல் நேரமாகவும் கேட்கலாம்: மாதம் ஒரு ஞாயிறு வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ள, அவர் தங்கை வீட்டுக்குப் போய்வருவது மாதிரி. அப்படிக் கேட்டால் பேரம் பேசாமல் ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் சனிக்கிழமைக்கு இதுவரை யாரும் பேரம் பேசவில்லை.

பண விஷயத்தில் என் யோசனை இது. மிஞ்சும் நான்காயிரத்தில் ஆளுக்கு 1,500 ரூபாய் சொந்தப் பணம். என்ன செய்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. அவர் அதைச் சேர்த்து வைத்து மகளுக்கே செலவழித்தாலும் அது அவர் விருப்பம். ஆண்டு போனஸிலும் இருவருக்கும் சமமாக ஒரு பங்கு. வருடத்தில் உங்கள் கையில் 18,000 ரூபாயும் அந்தப் பங்கும் இருக்கும். 82,000 வராது, உண்மைதான். இஎம்ஐ மட்டும் வேண்டாம். மாதம் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். உங்களிடம் மிஞ்சுவதே நான்காயிரம். மீதி எங்கிருந்து வரும்? சீட்டிலிருந்து, அல்லது நகையிலிருந்து. நோ காஸ்ட் என்பதும் முழு உண்மை இல்லை. வட்டிக்கு ஈடாகத் தள்ளுபடி காட்டுவார்கள். ஆனால் கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் பொதுவாக உங்கள் தலையில்தான் விழும்.

கம்ப்யூட்டர் நுணுக்கம் எனக்குத் தெரியாது. என் அக்கா மகன் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன். ஊர், பேர் சொல்லாமல் உங்கள் கம்ப்யூட்டர் பற்றிய பத்தியை மட்டும் அவனிடம் படித்துக் காட்டினேன். "இவருக்கு இன்னைக்கே எதுவும் குடிமுழுகலையே" என்றான். விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ளலாமாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் கட்டணமும் இல்லை. உங்கள் கார்டுக்குப் புது கேம் டிரைவர் நின்றாலும் பாதுகாப்பு அப்டேட் 2028 அக்டோபர் வரை உண்டு. ராம் விலை ஏற்றம் கடைக்காரர் கதை இல்லை, நிஜம்தான். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன, மெமரி தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் கடைகளில் விற்கும் தன் குருஷியல் பிராண்டு விற்பனையையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆனால் அதற்காக அவசரப்பட்டு இப்போதே முழு செட் வாங்குவது தலைகீழான கணக்கு என்கிறான். உங்களிடம் இருக்கும் டிடிஆர்4 வகை ராமை அப்படியே எடுத்து, டிடிஆர்4 ஏற்கும் மதர்போர்டும் பன்னிரண்டாம் தலைமுறை ஐ5-உம் போட்டால் விண்டோஸ் 11 பிரச்சினை தீர்ந்தது. இப்போதைக்கு ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்புக் கருவியான ஒரு சாட்டா எஸ்எஸ்டி மட்டும் வாங்கிப் போட்டால், ஹார்ட் டிஸ்க்கால் வரும் இழுவை குறையும். நாளைக்குப் புது போர்டிலும் அதையே மாட்டிக்கொள்ளலாம். போர்டும் பிராசசரும் போனஸ் சமயத்தில். கிராஃபிக்ஸ் கார்டு அதற்கடுத்த வருடம். பவர் சப்ளையைப் பழசு என்று அலட்சியப்படுத்தாமல் புது கார்டு போடும்போது மாற்றச் சொல்கிறான். இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆசை பிடித்துக்கொண்டால் மொத்தமாகத்தான் வேண்டும் என்று தோன்றும். இலை போட்டதும் பாயசத்திலிருந்தே ஆரம்பிக்கும் குழந்தை மாதிரி.

நண்பர்களிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். அவர்கள் கிண்டலுக்குச் சிரித்துவிட்டு வந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். "என் மெஷின் இன்னும் ஒரு வருஷம் இதுதான்டா, என்னால ஆட முடியறதை ஆடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் இரண்டாம் பாகத்தை 2019-இல் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள், அது உங்கள் கார்டிலேயே ஓடும் என்கிறான் அக்கா மகன். இருபது வருட நட்பு ஒரு கேமை மாற்ற மறுத்தால், எண்பதாயிரம் போடுவதற்கு முன்னால் அதுவும் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. மறுக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் நேராகச் சொன்ன பிறகும் மனைவி இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லலாம். அப்போது எந்த மாதம் மறுபடி பேசலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்துவிடுங்கள். அந்த ராத்திரியே காரணங்களை அடுக்க வேண்டாம்.

மாமனார் விஷயத்தை இந்தப் பேச்சுக்குள் கொண்டுவராதீர்கள். மகள் வருத்தப்பட்டதைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். "உங்கப்பா ஏன் அப்படிச் சொன்னார்" என்று நீங்கள் தொடங்கினால் கம்ப்யூட்டர் போய், இரண்டு வீட்டுப் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். வீடு கட்டும் யோசனையை அவரே மறுபடி எடுத்தால் அன்றைக்கு அதைப் பேசிக்கொள்ளலாம். அவருக்கு இதையெல்லாம் எவ்வளவு சொல்வது என்பதை உங்கள் மனைவியிடமே விட்டுவிடுங்கள்.