கடைசித் தேதிக்குப் பிறகு வரும் சுற்றறிக்கை: ஊர்ப்புற நூலகர் பயிற்சி பெற வழி என்ன?

கேள்வி: தமிழ்நாட்டில் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் பல ஆண்டுகளாகத் தனியாளாகப் பணிபுரிகிறேன். இளங்கலைப் பட்டமும் நூலகத் தகவல் அறிவியல் சான்றிதழும் பெற்றிருக்கிறேன். பயிற்சி முகாமானாலும் தேர்வானாலும் விண்ணப்பிக்கும் கடைசித் தேதி முடிந்த பிறகே எனக்குத் தெரியவருகிறது. நூற்பட்டியலுக்கும் இரவலுக்கும் பயன்படும் கோஹா மென்பொருளைக் கற்பதா, தொலைநிலைக் கல்வியில் பி.எல்.ஐ.எஸ். (நூலகத் தகவல் அறிவியல் இளங்கலைப் பட்டம்) சேருவதா என்றும் குழப்பமாக இருக்கிறது. அனுமதி கேட்டால், "நூலகத்தை யார் திறப்பது?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: நீங்கள் ஒரே குறையாக எழுதியிருப்பவை உண்மையில் நான்கு வேறு வழிகளில் வரும் செய்திகள். துறை நடத்தும் பணியிடைப் பயிற்சி ஒன்று. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நூலகப் பணித் தேர்வு மற்றொன்று. பல்கலைக்கழகச் சேர்க்கை மூன்றாவது. எவருடைய பரிந்துரையும் இல்லாமல் நாமே சேர்ந்து படிக்கக்கூடிய இணையவழிப் பாடங்கள் நான்காவது. இவற்றுள் முதலாவது மட்டுமே பொது நூலக இயக்ககத்திலிருந்து மாவட்ட நூலக அலுவலகத்துக்கும், அங்கிருந்து கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் சுற்றறிக்கையாக இறங்கி வரும். மற்ற மூன்றும் பொதுவெளியில் எல்லோருக்கும் ஒரே நாளில் அறிவிக்கப்படுபவை. அவற்றுக்கும் சுற்றறிக்கையை எதிர்பார்த்துக் காத்திருப்பதுதான் உங்கள் தாமதத்துக்குப் பெரும் காரணம் என்று கருதுகிறேன்.

முதலில் துறைவழிப் பயிற்சியைப் பார்ப்போம். இதில் தனிநபர் விண்ணப்பத்தைவிடப் பெயர்ப் பரிந்துரைக்கே முதலிடம். மத்திய அரசின் கீழ் 1972இல் தொடங்கப்பட்டு, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநில அரசுகளும் பங்குத்தொகை செலுத்தும் திட்டங்களின் மூலம் நூல்கள் வாங்குவதற்கும் கட்டடங்களுக்கும் மட்டுமின்றிப் பயிலரங்குகளுக்கும் பயிற்சிகளுக்கும் நிதியுதவி அளிக்கிறது. 2014இல் தொடங்கிவைக்கப்பட்ட தேசிய நூலக இயக்கத்தின் கூறுகளில் பொது நூலகப் பணியாளர்களின் திறன் வளர்ப்பும் ஒன்று. இத்தகைய பயிற்சிகளுக்கு இத்தனை பேரை அனுப்புங்கள் என்று மேலிருந்து கேட்கப்படும்போது, மாவட்ட அலுவலகத்துக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அந்த அவசரத்தில் அலுவலகத்தில் இருப்பவர் நினைவுக்கு வரும் பெயர்களைத்தான் எழுதி அனுப்புவார். வட்டார எல்லையில் உள்ள ஒரு சிற்றூரின் நூலகர் பெயர் அப்போது அவர் நினைவில் இருக்க வாய்ப்பில்லை.

எனவே சுற்றறிக்கை வந்த பின் விண்ணப்பிப்பதைவிட, அது வருவதற்கு முன்பே உங்கள் விருப்பத்தைக் கோப்பில் ஏற்றிவிடுவது பயனுள்ளது. நிதியாண்டின் தொடக்கமான ஏப்ரலில், உரிய வழியில், மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். உங்கள் கல்வித் தகுதி, பணியில் சேர்ந்த நாள், இதுவரை பெற்ற பயிற்சிகள், நூலகத்தில் கணினியும் இணையமும் உள்ளனவா என்ற விவரம், எந்தப் பயிற்சி எந்தப் பணிக்குத் தேவைப்படுகிறது என்ற காரணம் ஆகியவை அதில் இருக்கட்டும். "பயிற்சிக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் உறங்கும். "என் நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள நூல்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கவிருக்கிறேன், அதற்கு நூற்பட்டியல் மென்பொருள் பயிற்சி தேவைப்படுகிறது" என்று எழுதினால், அதைப் படிப்பவருக்கு உங்களை ஏன் அனுப்ப வேண்டும் என்பது விளங்கும். கடிதத்தின் நகலில் அலுவலகத் தபால் முத்திரையும் தேதியும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு நினைவூட்டல் எழுதும்போது அந்தத் தேதியைக் குறிப்பிடலாம்.

"நூலகத்தை யார் திறப்பது?" என்ற கேள்வியை உங்களைத் தட்டிக்கழிக்கும் தந்திரமாக மட்டும் பார்க்க வேண்டாம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. அந்த வரியைச் செலுத்தும் ஊர்மக்கள் வந்து பார்க்கும்போது கதவு பூட்டியிருக்கக் கூடாது என்று அலுவலர் எண்ணுவது நியாயமே. ஆகவே அனுமதி கேட்கும் கடிதத்திலேயே அதற்கான விடையையும் கொடுத்துவிடுங்கள். அருகிலுள்ள கிளை நூலகரிடமோ பக்கத்து ஊர்ப்புற நூலகரிடமோ முன்கூட்டியே பேசி, அந்த நாட்களுக்குக் கூடுதல் பொறுப்பேற்க அவர் இசைந்திருப்பதைக் குறிப்பிடலாம். பின்னர் அவர் பயிற்சிக்குப் போகும்போது நீங்கள் அவருடைய நூலகத்தைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டால் ஏற்பாடு நிலைக்கும். அதுவும் இயலாதபோது, முழு நேரமும் மூடுவதற்குப் பதில் நாளிதழ் வாசிக்க அதிகம் பேர் வரும் காலை நேரத்தில் மட்டுமாவது திறந்திருக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். வாசகர் வட்ட உறுப்பினர்கள் ஆர்வத்தோடு உதவ முன்வருவார்கள். ஆனால் நூல் இருப்புக்குப் பொறுப்பானவர் நீங்கள் என்பதால், அலுவலரின் எழுத்து ஆணை இல்லாமல் சாவியை வெளியாரிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

பணியில் இருப்போரின் இந்தச் சிக்கல் புதிதன்று. சென்னை நூலகச் சங்கம் 1929இல் தொடங்கிய நூலகப் பயிற்சி, கோடை விடுமுறைப் பள்ளியாகத்தான் நடந்தது. 1931இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இன்று நம்மிடம் இணைய வகுப்புகள் இருந்தும் தனியாள் நூலகத்தின் கதவுக்கு மட்டும் தீர்வு வரவில்லை.

இனி, கோஹாவா பி.எல்.ஐ.எஸ்.ஸா என்ற கேள்வி. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்று நூலகத்தில் நீங்கள் செய்யும் வேலையை மாற்றும். மற்றொன்று உங்கள் பதவிக்கான தகுதியை மாற்றும். ஒரே ஆண்டில் இரண்டையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். எதை முதலில் செய்வது என்பது உங்கள் நூலகத்தில் வேலை செய்யும் கணினி ஒன்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கணினி இல்லாத இடத்திலிருந்து கோஹா பயிற்சிக்குப் போய்த் திரும்பினால், கற்றது சில மாதங்களில் கைநழுவிவிடும். அந்த நிலையில் பி.எல்.ஐ.எஸ்.தான் முதல் தெரிவு.

கணினி இருக்கிறது என்றால் கோஹாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் ஒரு சிறு வட்டாரத்தின் பொது நூலகங்களுக்காக உருவாக்கப்பட்டு 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. உரிமக் கட்டணம் கிடையாது. லினக்ஸ் இயங்குதளத்தில் அதை நிறுவுவதும் பராமரிப்பதும் ஒரு வேலை. நிறுவப்பட்ட கோஹாவில் உலாவி வழியாக நூல் விவரங்களை உள்ளிடுவதும் இரவல் கொடுப்பதும் வேறொரு வேலை. பல பயிற்சிகளில் முதல் நாள் முழுவதும் நிறுவுவதிலேயே கழிந்துவிடுகிறது. ஊர்ப்புற நூலகருக்கு அந்தப் பகுதி அவ்வளவாகத் தேவைப்படாது. பயிற்சியைத் தேர்ந்தெடுக்குமுன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கி, நூற்பட்டியல் பதிவுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஏனெனில் தமிழ் நூல்களைப் பொறுத்தவரை சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நூலகவியலின் தந்தையையே எடுத்துக்கொள்வோம்: அவர் பெயரை ஒருவர் "எஸ்.ஆர்.ரங்கநாதன்" என்று உள்ளிடுவார்; இன்னொருவர் "சீ. இரா. அரங்கநாதன்" என்பார், மூன்றாமவர் "இரங்கநாதன்" என்று எழுதுவார். மூன்று பேரும் தவறு செய்யவில்லை. மூன்று நூல்களின் முகப்புப் பக்கங்கள் அப்படி இருக்கலாம். ஆனால் தேடும் வாசகருக்கு அவை மூன்று வெவ்வேறு ஆசிரியர்களாகத் தெரியும். ஒரு வடிவத்தை ஏற்கப்பட்ட பெயராக வைத்து, மற்றவற்றை அதனோடு இணைக்கும் முறை கோஹாவில் உண்டு. பயிற்சியில் அதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். புள்ளி, இடைவெளி, முதலெழுத்து ஆகியவற்றுக்கு மாவட்டம் முழுவதும் ஒரே வழக்கம் இருந்தால்தான் பின்னாளில் எல்லாப் பட்டியல்களையும் ஒன்றாகச் சேர்க்க முடியும் என்பதால், அந்த வழக்கம் என்ன என்பதை மாவட்ட மைய நூலகத்தில் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அதைப் போலவே, தட்டச்சு ஒருங்குறியில்தான் (யூனிகோட்) இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் உங்கள் திரையில் அழகாகத் தெரிந்தாலும், கோஹாவில் ஏற்றும்போது பொருளற்ற ரோமன் எழுத்துகளாகிவிடும். தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளச் சில வாரங்கள் போதும். எந்தப் பயிற்சிக்கும் போவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.

முன்தயாரிப்புக்குக் கட்டணமில்லாத வழிகள் இருக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தில் கோஹாவுக்கென்றே ஒரு பாடத்தொடர் உண்டு; லிப்ரே ஆபீஸ் போன்றவற்றுக்குத் தமிழ் ஒலியிலும் பாடங்கள் உள்ளன. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் நூலக அறிவியல் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். நேரில் எழுதும் தேர்வுக்கும் சான்றிதழுக்கும் மட்டும் பணம் கட்ட வேண்டியிருக்கும். சான்றிதழ்களைச் சேர்ப்பதே நோக்கமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர இணையக் கருத்தரங்குக்குக் கிடைக்கும் மின்சான்றிதழ்கள் இருபது இருந்தாலும், பதவி உயர்வுக் குழுவின் முன் அவற்றுக்குப் பெரிய மதிப்பு இருக்கும் என்று நான் நம்பவில்லை.

பி.எல்.ஐ.எஸ். பற்றி: நீங்கள் பட்டதாரி என்பதால் தகுதி இருக்கிறது, குறைந்தபட்சப் படிப்புக்காலம் ஓராண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஜனவரி, ஜூலை ஆகிய இரு பருவங்களில் சேர்க்கை நடைபெறும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு உண்டு. வேறு பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் பிரிவுகளிலும் இருக்கிறது. எதில் சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் அளித்திருக்கிறதா என்று குழுவின் பட்டியலில் நேரடியாகப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். இடைத்தரகு மையம் காட்டும் அச்சுத்தாளை நம்ப வேண்டாம். அதைவிட முக்கியமானது, சேருவதற்கு முன் துறையின் எழுத்து அனுமதியைப் பெறுவது. படித்து முடித்த பின் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லும்போது, "அனுமதி எங்கே?" என்று கேட்பார்கள், அப்போது போய் அனுமதிக்கு அலைவது பெரும் தொல்லை. ஜூலைப் பருவத்தில் சேர எண்ணினால் ஏப்ரல் கடிதத்தோடு இந்த விண்ணப்பத்தையும் தனித்தாளில் கொடுத்துவிடுங்கள்.

தேர்வாணையத்தின் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023இல் அறிவிக்கப்பட்ட ஒருங்கிணைந்த நூலகப் பணிகள் தேர்வில், மாவட்ட நூலக அலுவலர் முதல் நூலக உதவியாளர் நிலை வரை பல பதவிகள் இடம்பெற்றன; நூலக அறிவியலில் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவருக்கு அதன் கதவு திறக்காது, பட்டம் வேண்டும். இத்தேர்வு ஆண்டுதோறும் வருவதில்லை. தேர்வாணையம் முன்கூட்டியே வெளியிடும் ஆண்டுத் திட்டத்தைப் பார்த்தால், அந்த ஆண்டில் நூலகப் பணித் தேர்வு உண்டா என்பது தெரிந்துவிடும். தேர்வாணையத் தளத்தில் செய்யும் ஒருமுறைப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் இப்போதே பதிந்துவிடுங்கள். தமிழ்த் தகுதித் தேர்வில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் பாடத்தாளின் மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படாது. தமிழ் தெரிந்ததுதானே என்று அதை அலட்சியம் செய்து வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. பணியில் இருப்பவர் துறையின் தடையின்மைச் சான்றையும் காட்ட வேண்டியிருக்கும்.

விருதுகளைப் பொறுத்தவரை, மாநில அளவில் நூலகர்களுக்கு வழங்கப்படும் அரங்கநாதன் பெயரிலான நல்நூலகர் விருதுக்குப் பரிசீலிக்கப்படுவது நூலகத்தின் வளர்ச்சிதான்: உறுப்பினர் சேர்க்கை, புரவலர் சேர்க்கை, நன்கொடை, நிகழ்ச்சிகள் முதலியன. நவம்பர் 14 முதல் 20 வரையிலான தேசிய நூலக வாரத்தில் நடத்தும் நிகழ்ச்சிகளின் ஒளிப்படம், தேதி, கலந்துகொண்டவர் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் உடனுக்குடன் குறித்து வைத்தால் போதும். கேட்கும் நாளில் தேட வேண்டியிராது.

பயிற்சி முடிந்து திரும்பியதும் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பயிற்சிக்கு அனுப்பிய ஆணை, கலந்துகொண்டதற்கான சான்று, அந்த நாட்கள் பணிக்காலமாகக் கருதப்பட்டதற்கான குறிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, பணிப்பதிவேட்டில் பதிவு செய்யக் கோருங்கள். பதிவான பக்கத்தை ஆண்டுச் சரிபார்ப்பின்போது நேரில் பாருங்கள். உங்கள் பதவிக்கான பணி விதிகளின் நகலையும் அன்றே அலுவலகத்தில் கேட்டுப் படித்துவிடுங்கள். அடுத்த நிலைக்கு எந்தத் தகுதி, எத்தனை ஆண்டுப் பணி என்பது அதில் இருக்கும், பி.எல்.ஐ.எஸ்.ஸோடு நிறுத்துவதா, முதுகலையான எம்.எல்.ஐ.எஸ். வரை போவதா என்பதை அதைப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.