முற்றுப்பெறாத சிம்பொனி முழுசா இருக்கா?

கேள்வி: மேற்கத்திய செவ்வியல் இசைத்தட்டுகள் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். ஷூபர்ட்டின் முற்றுப்பெறாத சிம்பொனி ‘முழுசா இருக்கிற சி.டி. கொடுங்க’ என்கிறார் ஒருவர். ‘மொசார்ட் புதுசா ஏதாவது வந்திருக்கா?’ என்கிறார் இன்னொருவர். பெயர் தெரியாமல் கவுண்டரில் நின்று ‘ல ல லா’ என்று பாடிக் காட்டுகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் எதற்கு இந்தப் பக்கம் வருகிறார்கள்?

பதில்: சிரிப்பு வரும்தான், வரட்டும். ஆனால் கடைசியாக ஒன்று கேட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. தெரிந்துகொள்ளத்தான் வருகிறார்கள், வேறெதற்கு?

உங்கள் முதல் ஆளையே எடுத்துக்கொள்வோம். ஷூபர்ட் அந்த சிம்பொனியை 1822-ல் தொடங்கினார். சிம்பொனி என்றால் வழக்கமாக நான்கு பகுதிகள்; அதில் இரண்டை முழுதாக எழுதினார். மூன்றாவதைப் பியானோவுக்கான வரைவாக ஏறக்குறைய முடித்து, வாத்தியக் குழுவுக்காகச் சில பக்கங்கள் எழுதியதோடு விட்டுவிட்டார். அதற்கப்புறம் ஆறு வருஷம் உயிரோடு இருந்தவர் ஏன் அதைத் திரும்பத் தொடவில்லை என்பதற்கு இன்றுவரை ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கையெழுத்துப் பிரதி ஹூட்டன்பிரென்னர் என்ற நண்பரிடம் கிடந்தது. ஷூபர்ட் இறந்து 37 வருஷம் கழித்து, 1865-ல்தான் வியன்னாவில் அரங்கேறியது. அந்த முதல் மேடையிலேயே என்ன செய்தார்கள் தெரியுமா? ஷூபர்ட்டின் மூன்றாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியை எடுத்துவந்து இதற்கு முடிவாக வைத்து வாசித்தார் வாத்தியக் குழுவின் நடத்துநர் ஹெர்பெக். 1928-ல், ஷூபர்ட்டின் நூறாவது நினைவு ஆண்டுக்கு, கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி இந்த சிம்பொனியை முடித்துக் கொடுங்கள் என்றுதான் முதலில் போட்டி அறிவித்தது, எதிர்ப்பு கிளம்பிய பிறகே விதியை மாற்றியது. 2019-ல் ஹுவாவே கம்பெனி செயற்கை நுண்ணறிவை வைத்து முடித்துப் பார்த்தது. பிரையன் நியூபோல்ட் என்ற ஆய்வாளர் வரைவையும் ஷூபர்ட்டின் வேறொரு இசையையும் வைத்து நான்கு பகுதிகளாக்கிய வடிவம் பதிவாகியே வந்திருக்கிறது. ஆக, நடத்துநரும் கம்பெனியும் ஆய்வாளரும் கேட்ட அதே கேள்வியைத்தான் உங்கள் வாடிக்கையாளரும் கேட்டிருக்கிறார். ‘இருக்கு சார், ஆனா இது இன்னொருத்தர் முடிச்சது’ என்று சொல்லி எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

மொசார்ட் புதுசா? அவர் இறந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது, ஆனாலும் வந்திருக்கிறது. 2024-ல், லைப்சிக் நகர நூலகத்தில் கிடைத்த ஒரு கைப்பிரதியிலிருந்து, அவர் சிறுவனாக இருந்தபோது எழுதிய இசை என்று வெளியிட்டார்கள். மூன்று தந்தி வாத்தியங்களுக்கானது, ஏழு குட்டிப் பகுதிகள், மொத்தம் 12 நிமிஷம் போல. அதே வருஷம் நியூயார்க்கில் மார்கன் நூலகத்திலிருந்து ஷோபான் என்ற இசையமைப்பாளரின் வால்ட்ஸ் என்ற நடன இசை ஒன்றும் வெளியே வந்தது.

அப்புறம் பாடிக் காட்டுகிறவர்கள். இவர்களைக் கிண்டல் செய்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முன்பின் தெரியாதவர் முன்னால், நாலு பேர் பார்க்க, குரல் உடைந்தாலும் பரவாயில்லை என்று ஒருவர் பாடுகிறார் என்றால் அந்த இசை அவரைத் தூங்கவிடவில்லை என்று அர்த்தம். சுருதி பிசகும், தாளம் தடுமாறும், ஆனால் மெட்டு எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்பது பெரும்பாலும் தப்பாது. இதை நம்பியே டென்னிஸ் பார்சன்ஸ் 1975-ல் ஒரு மெட்டு அகராதி போட்டார். முதல் சுரத்தை விட்டுவிட்டு, அடுத்தடுத்த சுரம் முந்தையதைவிட மேலே போகிறதா, கீழே வருகிறதா, அப்படியே நிற்கிறதா என்று மட்டும் பார்த்துத் தேட வேண்டும். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கத்தைப் போட்டுப் பாருங்கள்: அதே, அதே, கீழே, மேலே, அதே, அதே, கீழே. இவ்வளவுதான். சங்கீத ஞானமே இல்லாத ஆள் பாடினாலும் இந்த ஏழும் சரியாக வந்துவிடும். இப்போது செல்போனில் முணுமுணுத்தாலே தேடித் தருகிறது, சரி, ஆனால் உங்கள் கடைக்கு வந்தவர் உங்களிடம்தானே பாடினார்?

இன்னொன்று, எங்கே கேட்டீர்கள் என்று கேளுங்கள். ‘விண்வெளிப் படத்தில் வருமே, ஸ்ட்ராஸ்’ என்று ஒருவர் வந்தால் அவசரப்பட்டு எதையும் எடுத்து நீட்டாதீர்கள். 1968-ல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ என்ற அந்தப் படத்தில் ‘நீல டானூப்’ வால்ட்ஸ் எழுதிய யோஹான் ஸ்ட்ராஸும் உண்டு, ‘ஸராதுஸ்ட்ரா’ எழுதிய ரிச்சர்ட் ஸ்ட்ராஸும் உண்டு. இருவரும் சொந்தக்காரர்கள்கூட இல்லை. வால்ட்ஸ் கேட்டவருக்கு ஸராதுஸ்ட்ராவைக் கொடுத்தனுப்பினால் தப்பு உங்களுடையது.

தெரியாதவர்கள் என்கிறீர்களே, உங்கள் அலமாரியைப் போய்ப் பாருங்கள். அல்பினோனியின் அடாஜியோ என்று ஒரு சி.டி. இருக்கும். அல்பினோனி 1751-ல் இறந்தவர். அந்த இசையோ ரெமோ ஜியாசோட்டோ என்ற ஆய்வாளர் 1958-ல் வெளியிட்டது, பெரும்பாலும் அவருடைய சொந்தச் சரக்கு. பர்செல் என்ற இசையமைப்பாளர் பெயரில் ‘டிரம்பெட் வாலன்டரி’ என்ற இசை இருந்தால், அது ஜெரமையா கிளார்க் எழுதியது. பெயரை மாற்றி அச்சடித்து விற்றவர்களைப் பார்த்து நீங்கள் சிரித்ததாக எழுதவில்லையே, ஏன்?