பதக்கம் இருக்கிறது, சேப்ளன் ஆக அது போதுமா?

அம்மா, நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். அமெரிக்க ராணுவக் காலாட்படையில் சார்ஜன்ட்டாக இருக்கும் மகன், ஆப்கானிஸ்தான் போய்வந்து போரில் காட்டிய வீரத்துக்கான ‘வி’ அடையாளத்தோடு ‘பிரான்ஸ் ஸ்டார்’ என்ற வெண்கல நட்சத்திரப் பதக்கம் வாங்கியவர், இப்போது படையிலேயே இந்து மதகுருவாக, அதாவது சேப்ளனாக வேண்டும் என்கிறார். இது நடக்குமா என்பது முதல் கேள்வி. “29 வயதில் மறுபடி முதலிலிருந்து படிப்பா?” என்பது இரண்டாவது. நடக்கும். ஆனால் கதவைத் திறப்பது பதக்கம் இல்லை. பட்டம், கிரெடிட் (படித்த பாட அளவு) கணக்கு, ஒரு மத அமைப்பின் ஒப்புதல் ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றையும் எந்த வரிசையில் செய்கிறார் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் ஒப்புதல். சேப்ளனை ராணுவம் தானாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பாதுகாப்புத் துறை அங்கீகரித்த மத அமைப்பு ஒன்று “இவர் எங்கள் குரு, தகுதியானவர்” என்று டிடி 2088 என்ற படிவத்தில் எழுதித் தர வேண்டும். இந்துக்களுக்கு அந்தப் பொறுப்பை எடுத்த அமைப்பு சின்மயா மிஷன் வெஸ்ட். 2011-இல் அமெரிக்கத் தரைப்படையின் முதல் இந்து சேப்ளனாக கேப்டன் பிரதிமா தர்ம் வந்தது அதன் ஒப்புதலில்தான். இந்தக் கடிதம் கேட்டவுடன் கிடைத்துவிடாது. ஆளைத் தெரிந்திருக்க வேண்டும், கற்பிப்பதையும் நடந்துகொள்வதையும் பார்த்திருக்க வேண்டும். அதனால் பட்டம் வாங்கிய பிறகு போய்க் கதவைத் தட்டாமல், இப்போதே தொடர்பு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொடுத்த ஒப்புதலை அமைப்பு திரும்பப் பெறவும் முடியும். பெற்றுவிட்டால் சேப்ளன் வேலையும் போய்விடும், எத்தனை வருடம் பணி செய்திருந்தாலும்.

அடுத்தது படிப்பு. இளங்கலை 120 செமஸ்டர் கிரெடிட். அதற்கு மேல் இறையியல் அல்லது அதோடு தொடர்புடைய துறையில் 72 கிரெடிட் கொண்ட முதுகலை. அந்த 72-இல் பாதியாவது, அதாவது 36, சமயத் தத்துவம், அறநெறி, மூலநூல்கள் போன்ற பாடங்களாக இருக்க வேண்டும். சாதாரண எம்.ஏ. பெரும்பாலும் 36 முதல் 48 கிரெடிட்டோடு முடிந்துவிடும். “மாஸ்டர்ஸ் இருக்கிறதே” என்று விண்ணப்பித்துத் திரும்பி வருகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். கல்லூரியும் அமெரிக்காவில் முறையான அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். கும்பகோணத்தில் எட்டு வருடம் வேத அத்யயனம் செய்தவரிடம் உள்ள ஞானத்தை யாரும் மறுக்கப் போவதில்லை, ஆனால் அந்தப் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம்கூட கிடையாது. கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் உள்ள கிராஜுவேட் தியாலஜிக்கல் யூனியனில் இந்து சமயப் படிப்பு உண்டு. எங்கே சேர்ந்தாலும், சேரும் முன்பே பாடப் பட்டியலை சேப்ளன் ரெக்ரூட்டரிடமும் ஒப்புதல் தரும் அமைப்பிடமும் காட்டி, “இதில் எத்தனை கிரெடிட் கணக்கில் வரும்?” என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதுகலைக்குப் பிறகு, முழுநேர ராணுவப் பணிக்கு இரண்டு வருடம் சமயப் பணி அனுபவமும் கேட்பார்கள்.

இனி பணம். உங்கள் மகன் கம்யூனிட்டி காலேஜில் 40 கிரெடிட் முடித்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 80. வருடத்துக்கு 30 வீதம் எடுத்தால் ஏறக்குறைய இரண்டே முக்கால் கல்வியாண்டு. ஜிஐ பில் என்பது படைவீரரின் படிப்புச் செலவுக்கு அரசு மாதக்கணக்கில் தரும் சலுகை, ஒரு கல்வியாண்டுக்கு அதில் சுமார் 9 மாதம் கழியும். அப்படியானால் இளங்கலைக்கே 24 மாதம் போய்விடும். மொத்தச் சலுகை 36 மாதம். மிஞ்சுவது 12. மூன்று வருட இறையியல் படிப்புக்கு வேண்டியது 27. பதினைந்து மாதம் துண்டு விழுகிறது, அதுவும் செலவு அதிகமான படிப்பில்.

அதனால் ஜிஐ பில்லை இப்போது தொடவே வேண்டாம். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்கிறீர்கள், அந்த ஒரு வருடம் தங்கம். பணியில் இருக்கும்போதே ராணுவத்தின் டியூஷன் அசிஸ்டன்ஸ் ஒரு கிரெடிட்டுக்கு 250 டாலர் வரை தருகிறது, ஆண்டு உச்சவரம்புக்கு உட்பட்டு. அதில் இளங்கலையை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ தள்ளட்டும். ‘ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட்’ எடுத்தால், ராணுவப் பயிற்சிகளுக்கே எத்தனை கிரெடிட் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். கல்லூரி அதை ஏற்றால் சில பாடங்கள் குறையும். வகுப்புக்குப் போகாமலே தேர்வெழுதிக் கிரெடிட் வாங்கும் கிளெப் தேர்வுகளையும் பணியில் இருப்பவர்கள் கட்டணமில்லாமல் எழுதலாம், ஒன்று தேறினால் ஒரு பாடம் மிச்சம்.

இந்த மாதக்கணக்கு உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். ஜேம்ஸ் ரூடிசில் என்ற முன்னாள் ராணுவ வீரர் மூன்று கட்டமாகப் பணி செய்தவர். யேல் இறையியல் பள்ளியில் படித்துத் தரைப்படை சேப்ளனாகத் திரும்புவது அவர் திட்டம். இளங்கலைக்குப் பழைய மான்ட்கோமரி ஜிஐ பில்லில் 25 மாதம் 14 நாள் செலவழித்திருந்தார். 9/11-க்குப் பிறகு வந்த புதிய ஜிஐ பில்லில் இனி 10 மாதம் 16 நாள்தான் பாக்கி என்று படைவீரர் நலத்துறை சொன்னது. 2024 ஏப்ரல் 16-இல் நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தனித்தனிப் பணிக்காலங்களால் இரண்டு சலுகைகளுக்கும் தகுதி பெற்றவர் மொத்தம் 48 மாதம் வரை பயன்படுத்தலாம். உங்கள் மகன் மறு ஒப்பந்தம் போட்டிருக்கிறாரா, முதல் வருடத்தில் மாதம் 100 டாலர் வீதம் மான்ட்கோமரிக்கு 1,200 டாலர் பிடித்தார்களா என்று பழைய சம்பளச் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஆம் என்றால் கூடுதல் 12 மாதத்துக்கு வழி இருக்கலாம்.

வயது பற்றிய பயத்துக்கு வருவோம். மீதி இளங்கலை இரண்டே முக்கால், முதுகலை மூன்று, அனுபவம் இரண்டு என்று கூட்டினால் 37, 38 வயதில் சேப்ளனாக நுழையலாம். முழுநேரத் தரைப்படை சேப்ளனுக்குப் பொதுவான உச்சவரம்பு 42. நடுவில் நான்கு வருடம் தூங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். முதுகலையில் சேர்ந்தவுடன் ‘சேப்ளன் கேண்டிடேட்’ திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். படிக்கும்போதே ரிசர்வ் படையில் அதிகாரியாக்கி, தெற்கு கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சனில் உள்ள அடிப்படைப் பயிற்சிக்கும் அனுப்புவார்கள். கேண்டிடேட்டைப் போர்முனைக்கு அனுப்ப மாட்டார்கள் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

படையில் கழித்த ஆறு வருடம் வீணாகாது. சாதாரணப் படைவீரராக நான்கு வருடத்துக்கு மேல் முழுநேரப் பணி செய்தவர் அதிகாரியானால், கேப்டன் பதவி வரை மற்ற அதிகாரிகளைவிடக் கூடிய சம்பள அட்டவணை உண்டு. ஓய்வூதியத்துக்கான 20 வருடத்திலும் அந்த ஆறு சேரும். ஆனால் அதிகாரியாக ஓய்வுபெற, அதில் 10 வருடமாவது அதிகாரியாக இருந்திருக்க வேண்டும்.

பதக்கத்துக்கு இப்போது வருகிறேன். விண்ணப்பத்தில் அது ஒரு நல்ல வரி. அதன் உண்மையான பயன் பட்டாலியனுக்குள் போன பிறகுதான். மார்பில், நேரடிச் சண்டையில் இருந்த காலாட்படை வீரருக்குத் தரும் காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜோடு வரும் சேப்ளனிடம் சிப்பாய் முதல் நாளே வாய் திறப்பான். அந்த பேட்ஜ் காலாட்படைக்கும் சிறப்புப் படைக்கும் மட்டும் உரியது, சேப்ளனாக இருந்துகொண்டு சம்பாதிக்க முடியாது, முன்பே வாங்கியதை அணியலாம். இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. எதிரே இருப்பவன் தன் கதையைச் சொல்ல வரும்போது, “நான் அங்கே இருந்தபோது…” என்று இவர் ஆரம்பித்தால் உரையாடல் முடிந்தது.

அந்தப் பேட்ஜும் பதக்கமும் டிடி 214 என்ற விடுவிப்புச் சான்றில் ஏறியிருக்க வேண்டும். ‘வி’ விட்டுப்போவது, பேட்ஜ் பதியாமல் போவது எல்லாம் சகஜம். கையெழுத்துப் போடும் முன் விருது உத்தரவின் நகலோடு வரிக்கு வரி ஒத்துப் பார்க்க வேண்டும். பிறகு திருத்தினால் டிடி 215 என்று தனித்தாள் வரும், அதற்குக் காலம் பிடிக்கும்.

இன்னொன்றை அவரிடம் நேராகக் கேளுங்கள், சங்கடமாக இருந்தாலும். சேப்ளன் ஆயுதம் எடுக்கக் கூடாது. ஜெனீவா உடன்படிக்கைப்படி அவர் போரிடாதவர், அமெரிக்கத் தரைப்படையின் விதியும் அதுவே. பாதுகாப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது உடன் வரும் உதவியாளர். ஆறு வருடம் துப்பாக்கியோடு நின்றவருக்கு, சுடும் சத்தத்தில் வெறுங்கையோடு இருப்பது எளிதல்ல. வேலையும் பூஜை மட்டும் அல்ல. ஒரு பட்டாலியனில் இந்துக்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பார்கள். கடன், விவாகரத்து, தற்கொலை எண்ணம் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லது எந்த மதமும் இல்லாதவர்கள். அவர்கள் சொன்னதை யாரிடமும், கமாண்டரிடம்கூட, வெளியிட முடியாது.

போரின் பாதிப்புக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். மறுபடி சேரும்போது மருத்துவ விலக்கு கேட்க வேண்டியிருக்கலாம், ஆனால் மறைத்தது தெரிந்தால் விலக்குக்கும் வழியில்லை. ஊனமுற்றோர் இழப்பீடு வாங்குகிறவராக இருந்தால், ராணுவச் சம்பளம் வாங்கும் நாட்களுக்கு அதை விட வேண்டும்.

உடம்போ வயதோ இடம் தராவிட்டால் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளில் சேப்ளன் வேலை இருக்கிறது. சீருடை இல்லை, ஓட்டத் தேர்வும் இல்லை. அங்கேயும் மத அமைப்பின் ஒப்புதலும் முதுகலையும் வேண்டும், கூடவே மருத்துவமனைப் பயிற்சியான சிபிஇ இரண்டு யூனிட், அதாவது 800 மணி நேரம். வியட்நாமில் சில்வர் ஸ்டார் வாங்கிய காலாட்படை வீரர் ஃபிலிப் சலோய்ஸ், பிறகு கத்தோலிக்கக் குருவாகி பாஸ்டனில் இந்தத் துறையில் சேப்ளனாகப் பணியாற்றியவர்.

சென்னையில் இருக்கும் உறவினர் பையனுக்கும் இதே வழியா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. இந்தியத் தரைப்படையில் மத ஆசிரியர் என்பது நாயப் சுபேதார் நிலையில் தொடங்கும் ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) பதவி. தகுதியும் தேர்வும் வேறு. பண்டிட், கிரந்தி, மௌலவி, பாதிரியார் என்று மதவாரியாக ராணுவமே அறிவிப்பு வெளியிடும்.

இந்த வாரம் உங்கள் மகன் செய்ய வேண்டியது, பட்டாலியன் சேப்ளனிடம் அரைமணி நேரம் கேட்டு உட்காருவது. பிறகு முகாமின் கல்வி மையத்தில் டியூஷன் அசிஸ்டன்ஸ் விண்ணப்பம். வகுப்பு தொடங்கும் முன்பே அனுமதி வாங்க வேண்டும், தொடங்கிய பிறகு கேட்டால் பணம் வராது.