மழையை யாரேனும் இயக்குகிறார்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்துள்ள கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைச் சுற்றி அமைந்திருப்பதால், அவற்றை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு விடை எழுதுகிறேன். ஒரு பெருவெள்ளமோ கடும் வறட்சியோ வந்துபோன சில நாட்களுக்குள் "இது தானாக நேர்ந்ததா, யாரேனும் செய்ததா?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. இதைக் கேட்பவர்களை எள்ளி நகையாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பது இரண்டாவது பதிலில் தெரியவரும்.

கேள்வி: செயற்கை மழை சாத்தியம் என்று அறிவியலாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் பெருவெள்ளத்தையும் அவர்களால் உண்டாக்க முடியும்தானே?

பதில்: முதல் கூற்றில் உண்மை உண்டு, ஆனால் அதிலிருந்து இரண்டாவதற்குத் தாவ வழியில்லை. மேகத்தில் உள்ள நுண்ணிய நீர்த்துளிகள், பற்றிக்கொண்டு உறைவதற்கு ஏற்ற துகள் கிடைக்காதவரை, சுழியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பின்பும் நீராகவே இருக்கும். அத்தகைய மேகத்தில் உலர் பனிக்கட்டியை (உறைந்த கரியமில வாயுவை) தூவினால் பனிப்படிகங்கள் உண்டாகின்றன என்பதை 1946-இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் காட்டினார். பனிக்கட்டியை ஒத்த படிக அமைப்புடைய வெள்ளி அயோடைடும் அதே வேலையைச் செய்யும் என்று அதே ஆண்டில் பெர்னார்ட் வொனகட் கண்டறிந்தார். மேக விதைப்பு என்பதன் ஒரு வகை இதுதான். வெப்பமான மேகங்களில் ஈரத்தை ஈர்க்கும் உப்புத் துகள்களைத் தூவுவது மற்றொரு வகை. இரண்டிலும் மேகம் முன்பே இருக்க வேண்டும், அதில் நீரும் போதுமான அளவு இருக்க வேண்டும். வெறும் வானத்திலிருந்து எவரும் மழையைப் பெய்வித்ததில்லை.

இதனால் கிடைப்பது எவ்வளவு? 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலைப்பகுதியில், இயற்கையான பனிப்பொழிவு ஏறக்குறைய இல்லாத மேகங்களைத் தேர்ந்தெடுத்து விதைத்து, அதன் விளைவை ரேடார் கொண்டு அளந்தார்கள். ஒரு நாளில் 20 நிமிடம் விதைத்ததற்கு 67 நிமிடம் பனி பெய்தது. சுமார் 2,300 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே படிந்தது. விதைப்பு வேலை செய்கிறது என்பதற்கு இது மிகத் தெளிவான சான்று. அது எவ்வளவு சிறிய வேலை என்பதற்கும் இதுவே சான்று.

பெருமழையோடு இதை ஒப்பிட ஒரு சிறு கணக்குப் போதும். 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீரின் எடை 100 கோடி கிலோ. அவ்வளவு நீராவி நீராக மாறும்போது வெளியாகும் வெப்பத்துக்கு ஈடான ஆற்றலைத் தருவதற்கு 1,000 மெகாவாட் மின்நிலையம் ஒன்று ஏறத்தாழ 29 நாட்கள் இடைவிடாமல் ஓட வேண்டும். வெள்ளம் என்று நாம் அழைப்பது இதைப்போல் பல மடங்கு. விதைப்புத் துகள்களை வெளியிட விமானத்தின் இறக்கையில் பொருத்திய சில எரிகுழல்கள் அந்த ஆற்றலைத் தருவதில்லை. வளிமண்டலம் முன்பே திரட்டி வைத்ததில் ஒரு துளியைச் சற்று முன்கூட்டியே விழச் செய்கின்றன, அவ்வளவுதான்.

கேள்வி: மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? அரசுகள் இதை ஏன் மறைக்கின்றன?

பதில்: மறைத்ததுண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வியட்நாம் போரின்போது, 1967 முதல் 1972 வரை, அமெரிக்க இராணுவம் 'பொப்பாய்' என்ற பெயரில் ஓர் இரகசிய நடவடிக்கையை நடத்தியது. வட வியட்நாம் தன் படைகளுக்குப் பொருள் அனுப்பிய ஹோ சி மின் பாதை வழியாகச் செல்லும் சரக்குப் போக்குவரத்தைச் சேற்றில் சிக்கவைப்பதற்காகப் பருவமழைக் காலத்தை நீட்டிப்பதே அதன் நோக்கம். இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட முறை விமானங்கள் பறந்தன. செய்தி 1971-இல் பத்திரிகையில் கசிந்தது; 1974-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் விவரங்கள் வெளிவந்தன. அதன் தொடர்ச்சியாகவே, சுற்றுச்சூழலை மாற்றும் உத்திகளைப் போர் ஆயுதமாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1976-இல் ஏற்றது. 1978-இல் அது நடைமுறைக்கு வந்தது.

எனவே "அரசு இப்படியெல்லாம் செய்யுமா?" என்று கேட்டால், வாய்ப்புக் கிடைத்தால் செய்யும் என்பதே வரலாறு சொல்லும் பதில். ஆனால் முயன்றார்கள் என்பது வேறு, முடிந்தது என்பது வேறு. பல பருவங்கள் விதைத்தும், கூடுதலாகப் பெய்த மழை எவ்வளவு என்பதை எவராலும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவ முடியவில்லை. பருவமழை ஆண்டுக்கு ஆண்டு தானாகவே ஏறி இறங்கும் அளவு, விதைப்பால் கிடைத்திருக்கக்கூடிய அளவை விழுங்கிவிடக்கூடியது.

கேள்வி: புயலின் பாதையைத் திருப்பி ஒரு நாட்டின் மீது ஏவிவிட முடியுமா?

பதில்: முயன்றவர்களின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், இந்தப் பொருளில் நான் அறிந்தவற்றுள் அதிகம் கற்பிப்பது இதுதான். 1947 அக்டோபரில் 'சிர்ரஸ்' என்ற அமெரிக்கத் திட்டத்தினர், அட்லாண்டிக்கில் கரையை விட்டு விலகிச் சென்றுகொண்டிருந்த ஒரு சூறாவளியில் ஏறத்தாழ 80 கிலோ உலர் பனிக்கட்டியைத் தூவினார்கள். பின்னர் அந்தப் புயல் சட்டென்று மேற்கே திரும்பி ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரருகே கரையேறியது. மக்கள் கொதித்தார்கள், வழக்குத் தொடுப்போம் என்ற பேச்சும் எழுந்தது. திட்டத்தின் மூளையாக இருந்த நோபல் பரிசாளர் இர்விங் லாங்மியூர், புயலைத் திருப்பியது தங்கள் விதைப்புதான் என்று தாமே நம்பினார். பின்னர் பதிவுகளைச் சரிபார்த்தபோது, விதைப்பதற்கு முன்பே புயல் திரும்பத் தொடங்கிவிட்டது தெரிந்தது. 1906-இல், எவரும் எதையும் தூவாத காலத்தில், இன்னொரு புயல் ஏறக்குறைய இதே வளைவில் சென்றிருந்தது என்பதும் தெரியவந்தது. குற்றம் சாட்டியவர்களும் பெருமை கொண்டாடியவரும் ஒரே பிழையைச் செய்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது 1962 முதல் 1983 வரை நடந்த 'ஸ்டார்ம்ஃப்யூரி' என்ற அமெரிக்கத் திட்டம். புயலின் கண்ணைச் சுற்றியுள்ள மேகச் சுவருக்கு வெளியே விதைத்து, அங்கே புதிய மேகச் சுவர் ஒன்றை எழுப்பி, பழையதைத் தளர்த்தினால் காற்றின் வேகம் குறையும் என்பது கருதுகோள். 1969-இல் டெபி என்ற சூறாவளியில் விதைத்தபோது காற்று வேகம் ஒரு நாளில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது; வெற்றி என்றே எண்ணினார்கள். ஆனால் பிந்தைய ஆண்டுகளில் பல புயல்களை உள்ளிருந்து அளந்து பார்த்தபோது, எவரும் தொடாத புயல்களிலும் வெளிச்சுவர் தானாக எழுந்து உட்சுவரை மாற்றுவதும், அப்போது காற்று தளர்வதும் வழக்கமான நிகழ்ச்சி என்று கண்டார்கள். போதாக்குறைக்கு, விதைப்பு வேலை செய்யத் தேவையான உறையாத குளிர்நீர் புயல் மேகங்களில் மிகக் குறைவாகவே இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு இருபதாண்டுச் செலவு. (இத்தனைக்கும் நடுவே, அமெரிக்கா புயலை ஆயுதமாக்குகிறது என்று கியூபா குற்றம் சாட்டிக்கொண்டிருந்தது.)

கேள்வி: 2024-இல் துபாய் மூழ்கியதற்கு மேக விதைப்புதானே காரணம்?

பதில்: ஐக்கிய அரபு அமீரகம் பல ஆண்டுகளாக மேக விதைப்பு நடத்திவருவது உண்மை. அந்த ஏப்ரல் மழைக்குச் சற்று முன்பு விதைப்பு விமானங்கள் பறந்ததாகச் செய்திகள் வந்தன. புயலின்போது விதைக்கவில்லை என்று அந்நாட்டு வானிலை மையம் மறுத்தது. இந்தச் சச்சரவில் யார் பக்கம் நின்றாலும் முடிவு மாறாது. ஏப்ரல் 16 அன்று அந்நாட்டின் அல் ஐன் பகுதியின் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254 மி.மீ.க்கு மேல் பெய்தது. 1949-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அதுவே உச்சம். அதே வானிலை அமைப்பு ஓமனிலும் வெள்ளத்தை உண்டாக்கி உயிர்களைப் பறித்தது. முன்னறிவிப்பு மாதிரிகள் கனமழையைப் பல நாட்களுக்கு முன்பே காட்டியிருந்தன. விதைப்பு விமானம் எப்போது கிளம்பும் என்பது அந்த மாதிரிகளுக்குள் இடப்படும் தகவல் அன்று. காற்றும் ஈரப்பதமும் வெப்பநிலையுமே இடப்படுகின்றன. அவற்றை மட்டும் கொண்டே மாதிரி அந்த மழையைக் கண்டது என்றால், மழைக்கு அவையே போதுமானவையாக இருந்தன என்றுதான் பொருள்.

கேள்வி: சில விமானங்கள் விடும் வெண்கோடு உடனே மறைகிறது, சில மணிக்கணக்கில் நின்று பரவுகிறது. இரண்டாவது வகை இரசாயனம் என்கிறார்களே?

பதில்: கவனித்தது சரி, காரணம் வேறு. எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு கிலோ எரிபொருளுக்கு ஒரு கிலோவுக்கும் சற்று அதிகமான நீர். சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியை ஒட்டிய குளிரில் அந்த நீராவி நொடியில் பனித்துகளாகிறது. சுற்றியுள்ள காற்று வறண்டிருந்தால் துகள்கள் ஆவியாகிக் கோடு மறைகிறது. காற்று முன்பே ஈரத்தால் நிறைந்திருந்தால் அவை மேலும் வளர்ந்து பரவுகின்றன. ஒரே வானில் இரு விமானங்கள் வெவ்வேறு உயரத்தில் பறந்தால் இரண்டையும் ஒருசேரக் காணலாம். 2016-இல் 77 வளிமண்டல, புவிவேதியியல் வல்லுநர்களிடம் கேட்டபோது 76 பேர் இரகசியத் தெளிப்புக்கு எந்தச் சான்றையும் தாங்கள் கண்டதில்லை என்றார்கள். வெண்கோடுகளால் கேடே இல்லை என்று நான் சொல்லவில்லை: நீடித்து நிற்பவை பூமியின் வெப்பம் வெளியேறுவதைத் தடுத்துப் புவி வெப்பமாதலுக்குத் தம் பங்கைச் சேர்க்கின்றன. அது இரகசியம் இல்லை என்பதாலோ என்னவோ, அதைப் பற்றி எவரும் எனக்கு எழுதுவதில்லை.

கேள்வி: அலாஸ்காவில் உள்ள ஹார்ப் நிலையம் வானிலையை இயக்குவதாகச் சொல்கிறார்களே?

பதில்: வானொலி அலைகளால் அயனி மண்டலத்தை (மின்னூட்டம் பெற்ற துகள்கள் உள்ள மேல் வளிமண்டல அடுக்கை) ஆராயும் நிலையம் அது, 2015 முதல் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. மழை பெய்யும் அடுக்கு தரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் முடிகிறது. அயனி மண்டலமோ அதற்கு வெகு மேலே உள்ளது. அதன் ஒலிபரப்புத் திறன் 3.6 மெகாவாட். முதல் பதிலில் சொன்ன அந்த ஒரு சென்டிமீட்டர் மழையின் ஆற்றலை ஈடுகட்டவே அது 22 ஆண்டுகள் நிறுத்தாமல் இயங்க வேண்டும்.

கேள்வி: ஒரு நாடு விதைத்தால் அண்டை நாட்டுக்கு வரவேண்டிய மழை திருடப்படாதா?

பதில்: 2018-இல் ஈரானின் படைத்தளபதி ஒருவர் இஸ்ரேல் தங்கள் மேகங்களைத் திருடுவதாகக் குற்றம் சாட்டினார், அது இயலாது என்று மறுத்தவர் ஈரானின் சொந்த வானிலைத் துறைத் தலைவரே. ஒரு பகுதியைக் கடந்து செல்லும் நீராவியில் சிறு பங்குதான் மழையாகிறது. விதைப்பு கூட்டுவது அந்தச் சிறு பங்கில் ஒரு சிறு பங்கு. ஆனால் மலைச்சரிவுகளில் பல்லாண்டுகள் தொடர்ந்து விதைக்கும்போது காற்று செல்லும் திசையில் அப்பால் என்ன நேர்கிறது என்பதை அளந்து வெளியிடும் கடமை விதைப்பவர்களுக்கு உண்டு. அந்த வெளிப்படைத்தன்மை பல நாடுகளில் போதவில்லை என்பது என் கருத்து.

கேள்வி: என் வாழ்நாளில் இப்படியொரு மழையைக் கண்டதில்லை. அதுவும் சில ஆண்டுகளுக்குள் இரண்டு முறை. இதை இயற்கை என்று எப்படி நம்புவது?

பதில்: "நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை" என்ற சொற்றொடர் செய்த குழப்பம் கொஞ்சமல்ல. அதன் பொருள், எந்த ஓராண்டிலும் அது நிகழ 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே. 30 ஆண்டுகள் ஓரிடத்தில் வாழ்பவர் அதை ஒருமுறையேனும் காண்பதற்கான வாய்ப்பு 26 விழுக்காடு. ஒன்றையொன்று சாராத நூறு இடங்களை எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில் இவ்வாண்டே அது நிகழ்வதற்கான வாய்ப்பு 63 விழுக்காடு. முன்பெல்லாம் அந்த ஓரிடத்தின் செய்தி அங்கேயே நின்றது. இப்போது காணொளியாக அன்றே எல்லோர் கைக்கும் வந்துசேர்கிறது. மேலும், இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் எல் நினோ போன்ற கடல்சார் மாற்றங்கள் மழையைச் சீராகப் பங்கிடுவதில்லை. நல்ல ஆண்டுகளையும் கெட்ட ஆண்டுகளையும் கொத்துக் கொத்தாகவே தருகின்றன.

இதற்கு மேல் மனிதர் கை ஒன்று இருக்கிறது, ஆனால் அது இரகசியக் கை இல்லை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் பூமி சூடாகியிருக்கிறது. எனவே மழைக்கான சூழல் அமையும்போது கொட்டுவதற்கு அதிக நீர் இருக்கிறது. இயற்கையா, மனிதரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்: பகடை உருள்வது இயற்கையாக, பகடையின் ஒரு பக்கம் கனத்தது நம்மால்.

கேள்வி: வண்ணத்துப்பூச்சியின் சிறகசைப்பே வானிலையை மாற்றும் என்கிறார்கள். அப்படியானால் பேராற்றல் எதற்கு? சிறு தூண்டுதல் போதுமே?

பதில்: இம்முறை வந்தவற்றுள் கூர்மையான கேள்வி இது. வானிலை அறிவியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் 1960-களில் காட்டியபடி, தொடக்கத்தில் உள்ள மிகச் சிறிய வேறுபாடும் நாட்கள் செல்லச் செல்லப் பெருகி வானிலையையே வேறாக்கிவிடும். அதனால்தான் நாள்வாரி முன்னறிவிப்பு ஏறத்தாழ இரண்டு வாரங்களைத் தாண்டிப் பயன்படுவதில்லை. ஆனால் மாற்றுவது வேறு, குறிவைத்து மாற்றுவது வேறு. இங்கே ஒரு தூண்டுதல் தந்தால் பத்து நாள் கழித்து எங்கோ ஏதோ மாறும்; எங்கே, என்ன, எந்தத் திசையில் என்பதை அறிய, தூண்டாமல் விட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதைத் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். அந்தத் துல்லியத்தைத் தடுப்பதும் அதே லாரன்ஸ் விளைவுதான்.

கேள்வி: சூரிய ஒளியை மறைக்கும் திட்டமும் கட்டுக்கதைதானா?

பதில்: இல்லை, இது வேறு பொருள். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை மேல்வளியில் கக்கிய கந்தக வாயு சூரிய ஒளியைச் சற்று மறைத்ததால் உலகம் ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குளிர்ந்தது. அதைச் செயற்கையாகச் செய்யலாமா என்று வெளிப்படையாகவே ஆராய்கிறார்கள். ஒரு சிறு நிறுவனம் பலூன்களில் கந்தக வாயுவை விட்ட செய்தி வெளியானதும், 2023-இல் மெக்சிகோ இத்தகைய சோதனைகளைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது. உலகளாவிய அளவில் எவரும் இதை நடத்தவில்லை. நடத்தினால் செயற்கைக்கோள்களின் கண்ணிலிருந்து தப்ப முடியாது. சந்தேகப்படும் நேரத்தை வெண்கோடுகளிலிருந்து எடுத்து இதில் செலவிட்டால் நான் மகிழ்வேன்.

கேள்வி: மழைக்கு முன் ரேடார் படத்தில் முழு வட்டம் ஒன்றைக் கண்டேன். அது என்ன?

பதில்: வட்டத்தின் நடுவில் ரேடார் நிலையமே இருந்திருக்கும். சாய்வாகச் சுழலும் கதிர், பனி உருகி நீராகும் அடுக்கை எல்லாத் திசையிலும் ஒரே தொலைவில் தொடுவதால் அப்படித் தெரியும். விடியற்காலையில் விரிந்துகொண்டே போகும் வளையமாக இருந்தால், அவை கூடு விட்டுக் கிளம்பும் பறவைகள்.