15 ஆண்டுகள் விண்வெளித் துறையில் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர் சொந்த நிறுவனம் தொடங்கினால் தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் அதற்கு உங்கள் பதவி உதவாது. ராஜினாமா கடிதத்தை எழுதி வைத்துவிட்டு அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் நீங்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படி நான்கு மாதம் வைத்திருந்தேன்.

ராக்கெட் எஞ்சின் பிரிவில் தலைமைப் பொறுப்பில் இருந்துவிட்டு வெளியே வந்து, வால்வு செய்யும் சிறு நிறுவனம் தொடங்கினேன். முதல் ஆர்டர் 12 வால்வுகள். ஹீலியம் கசிவுச் சோதனையில் மூன்று தேறவில்லை. பழைய இடமாக இருந்தால் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். தரப் பிரிவு, ஆய்வகம், வடிவமைப்புக் குழு எல்லோரும் பார்த்து அறிக்கை தருவார்கள். இங்கே நானும் டெக்னீஷியனும் மட்டும். அசெம்பிளியில்தான் தப்பு என்று முடிவு கட்டி, அவரிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு வால்வைப் பிரித்து, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். "சார், இதைப் பாருங்க."

ரப்பரின் ஓரத்தில் இமை முடி அளவுக்குச் சீவியிருந்தது. கூர்மையான விளிம்பு ரப்பரைச் சீவாமலிருக்க, ரிங் நுழையும் இடத்தில் சரிவு கொடுத்திருக்க வேண்டும். வரைபடத்தில் அது இல்லை. வரைபடம் போட்டது நான். பல வருஷம் மற்றவர்கள் போட்டதில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு, திரும்ப நானே போட்ட முதல் வரைபடம் அது. மற்ற ஒன்பதும் தேறியது டெக்னீஷியனின் கைப்பக்குவத்தால்தான்.

பெரிய நிறுவனத் தலைவர்களுக்கு வேலை தெரியாது என்று நான் சொல்லவில்லை. ராக்கெட் எஞ்சின் பொறியாளர் டாம் முல்லரைப் பாருங்கள். டிஆர்டபிள்யூ என்ற பெரிய அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் சுமார் 15 ஆண்டுகள், 2002 முதல் ஸ்பேஸ்எக்ஸில் அதன் ராக்கெட்டுகளுக்கான மெர்லின் எஞ்சின், அப்புறம் 2021இல் இம்பல்ஸ் ஸ்பேஸ் என்று சொந்த நிறுவனம். இளம் வயதிலேயே வீட்டில் ராக்கெட் எஞ்சின் கட்டிப் பார்த்தவர் அவர். கை விட்டுப்போகாதவர்களுக்கு இந்த மாற்றம் அவ்வளவு வலிக்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2006 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸின் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1 முதல் ஏவுதலிலேயே விழுந்தபோது, ஏவுதளத்தில் வேலை செய்தவர்களின் தவறு என்றுதான் முதலில் பேச்சு வந்தது. விசாரணையில், கடல் காற்றில் அரித்துப்போன ஓர் அலுமினிய நட்டுதான் காரணம் என்று தெரிந்தது. எங்கேயும் இதே கதைதான். தோற்றால் முதலில் டெக்னீஷியனைத்தான் பார்ப்பார்கள். ஜெயித்தால் கட்டுரையில் அவர் பெயர் வராது. நானும் அப்படிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது எங்கள் வரைபடங்களில் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் எங்கள் டெக்னீஷியனின் கையெழுத்து இல்லாமல் எதுவும் பட்டறைக்குப் போகாது.

சரி, உங்கள் விஷயம். கடிதத்தை அனுப்பும் முன் வேலை ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பழைய இடத்தின் வரைபடம், சோதனைத் தரவு ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள். அப்புறம், ஒரு சின்ன பாகத்தையாவது நீங்களே வரைந்து, நீங்களே பொருத்தி, கசிவு பார்த்துவிட்டுக் கடிதத்தை அனுப்புங்கள்.