குறைந்த மளிகைப் பணத்தில் குடும்பத்துக்கு மாதம் முழுவதும் வீட்டுச் சாப்பாடு போடத் திட்டமிடுவது எப்படி?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "மாதத் தொடக்கத்தில் மனைவியிடம் பணம் கொடுத்துவிடுகிறேன், இருபதாம் தேதியே தீர்ந்துவிடுகிறது, அட்டவணை போட்டுக் கொடுத்தாலும் பின்பற்றுவதில்லை." அந்தக் கடைசி நான்கு சொற்களுக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். அட்டவணை போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஒன்றை ஊகித்துக்கொள்கிறேன், தவறென்றால் மன்னித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் சமைப்பது நீங்கள் அல்ல. பை தூக்கி வருவீர்கள், ரசீதைச் சரிபார்ப்பீர்கள், சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போவீர்கள். "போன மாதம் வாங்கிய எண்ணெய் அதற்குள் எப்படித் தீர்ந்தது?" என்று கேட்டிருப்பீர்கள். நான் கேட்டிருக்கிறேன். அதற்குக் கிடைத்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

என் அட்டவணை எக்செல்லில் போட்டது. 28 நாள், ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆக 84 கட்டங்கள். பருப்பு வரும் நாளுக்கு மஞ்சள், முட்டை வரும் நாளுக்கு நீலம். எந்தக் காயும் வாரத்தில் மூன்று முறைக்கு மேல் வராது. ஆளுக்கு இத்தனை கிராம் என்று அளவும் போட்டிருந்தேன். அச்செடுத்துக் கொடுத்தபோது மனைவி படித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். டப்பா ஆடாமல் நின்றது. அந்த அட்டவணை எங்கள் வீட்டுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

இரண்டு வாரம் கழித்து அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு. வீட்டில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், 14 வயது மகன், 9 வயது மகள், பல் சரியில்லாத என் அம்மா. சமையல் என் தலையில் விழுந்தது. ஏழு வாரம் நான் சமைத்தேன்.

ஆண்பிள்ளை ஏழு வாரம் சமைத்துவிட்டுப் புராணம் எழுதுகிறான் என்று பின்னூட்டத்தில் சிலர் வருவார்கள். வரட்டும். ஏழு வாரத்தில் என்ன தெரிந்துகொண்டேனோ அதை மட்டும்தான் சொல்கிறேன், ஞானம் பெற்றதாகச் சொல்லவில்லை.

முதல் திங்கட்கிழமை அட்டவணைப்படி கொண்டைக்கடலை. வேலையிலிருந்து வரும்போது மணி ஆறே முக்கால். கடலையை முந்தின இரவே ஊறப்போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை, அதனால் மறந்துவிட்டது. வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தேன். பிறகு நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு தக்காளி, உப்பு, காரம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடுப்பில் ஏற்றினேன். எட்டரைக்கு ஒரு கடலையை எடுத்து நசுக்கினேன். மேல் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளே இரண்டு பருப்பும் கூழாங்கல் மாதிரி அப்படியே விரலில் உருண்டன. புளிப்பு சேர்ந்தால் பயறின் செல் சுவர்களைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரையாது, அதனால் வெகுநேரம் கொதித்தாலும் சரியாக மசியாது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். புளிப்பு கடைசியில்தான் சேர வேண்டும். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. மகள் தட்டை வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தாள். வெளியிலிருந்து ஐந்து பேருக்குச் சாப்பாடு வரவழைத்தேன். அந்த ஒரு வேளைக்கு ஆன செலவு மூன்று நாள் மளிகைக்குச் சமம்.

படுக்கப் போகும்போது மனைவி கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்கள் அட்டவணையில் அலுப்புக்கு ஒரு கட்டம் இருக்கிறதா?"

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் கிட்டத்தட்ட இவ்வளவுதான். சிக்கனம் கடையில் உடைவதாக நினைக்கிறோம், காய்க்காரரிடம் பேரம் பேசுகிறோம். எங்கள் வீட்டில் அது உடைந்தது சாயங்காலம் ஏழு மணிக்கு. அந்த ஏழு வாரமும் வெளியில் வாங்கியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். ஒன்பது முறை. அதில் எட்டு, வேலை நாள் இரவு. எட்டு முறையும் வீட்டில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, காயும் இருந்தது. நிற்கத் தெம்புதான் இல்லை.

அதனால் மூன்றாவது வாரத்திலிருந்து ஏழு இரவுக்குத் திட்டமிடுவதை விட்டுவிட்டேன். ஐந்து இரவுக்கு மட்டும் எழுதினேன். ஆறாவது இரவு மிச்சம் மீதிக்கு. ஏழாவது, கைகாவல் சாப்பாடு. இருபது நிமிடத்துக்குள் முடிய வேண்டும், சீக்கிரம் கெட்டுப்போகாத பொருளில் செய்ய வேண்டும், வீட்டில் ஒருவராவது முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும்: இவ்வளவுதான் அதற்கு நிபந்தனை. எங்களுக்கு அது சோறும், சீக்கிரம் வேகும் சிவப்புப் பருப்பும், ஆளுக்கொரு முட்டையும். அதற்கான பொருள் ஒரு தனி டப்பாவில் இருக்கும். எடுத்தால் அந்த வாரமே நிரப்பியாக வேண்டும். எந்த இரவில் அதைச் செய்வது என்று முன்கூட்டி முடிவு செய்வதில்லை. அலுப்பு எந்தக் கிழமை வரும் என்று யாருக்குத் தெரியும்?

மிச்சம் மீதி பற்றி ஒரு எச்சரிக்கை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இரவு மிஞ்சிய சோற்றை மூடி அடுப்பு மேலேயே வைத்துவிட்டு மறுநாள் நன்றாகச் சூடாக்கி மகனுக்குக் கொடுத்தேன். மதியத்துக்குள் வாந்தி. சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் பெருகி நஞ்சை உண்டாக்கிவிட்டால், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மிச்சம் பிடித்த சோற்றைவிட மருந்துச் செலவு அதிகம்.

அடுத்தது குப்பைக்கூடை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான்காவது வாரம், எறிவதையெல்லாம் எறிவதற்கு முன்னால் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். பாதி முட்டைக்கோஸ், உள்ளே கறுத்துப்போனது. அழுகிய கீரைக்கட்டு. வெங்காயத்தோடு ஒரே கூடையில் கிடந்து முளைவிட்ட உருளைக்கிழங்கு. மகள் தட்டில் ஒதுக்கியவை. தோலையும் காம்பையும் சேர்க்காமல் இரண்டே கால் கிலோ. 2022இல் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. அதைப் படிக்கும்வரை கடைக்காரர்களும் விருந்து மண்டபங்களும்தான் காரணம் என்று நினைத்திருந்த எனக்கு, இந்த இரண்டே கால் கிலோவுக்குப் பிறகு பேச வாய் இல்லை. இப்போது கடைக்குப் போகும் முன் குளிர்பெட்டியைத் திறந்து, முதலில் வாடப்போவது எது என்று பார்த்து, அதைத்தான் முதல் இரவுக்கு எழுதுகிறேன். என்ன சமைக்கலாம் என்று யோசித்துவிட்டு வாங்கப் போனால், இருப்பது வாடும், புதிதாக வாங்கியதில் பாதியும் வாடும்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அதை நம்பிப் பெரிய மூட்டை அரிசி வாங்கினேன். ஐந்து வாரம் கழித்து வெள்ளைத் துணி விரித்துக் கொட்டியபோது துணியே நகர்வது போல இருந்தது. வண்டு. பெண் வண்டு அரிசிமணிக்குள் துளையிட்டு முட்டை வைத்து மூடிவிடும். புழு உள்ளேயே தின்று வளரும். வெளியே பார்த்தால் நல்ல மணியாகத்தான் தெரியும். வெப்பமான காலத்தில் ஒரு மாதத்தை ஒட்டி அடுத்த தலைமுறை வெளியே வந்துவிடும். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் புடைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மொத்தமாக வாங்குவது தவறில்லை. ஒரு மாதத்துக்குள் தீரும் அளவை வாங்குங்கள், காற்றுப் புகாத டப்பா இருந்தால் வாங்குங்கள். விலையைப் பொட்டலத்துக்குப் பார்க்காமல் கிராமுக்கு வகுத்துப் பாருங்கள். விலை மாறாமல் உள்ளே எடை மட்டும் குறைந்த பொட்டலங்கள் நிறைய. பெரிய பொட்டலம்தான் மலிவு என்பதும் எப்போதும் உண்மையில்லை.

சத்து பற்றிக் கேட்பீர்கள். நான் உணவியல் படித்தவன் அல்ல. தானியத்தில் குறையும் லைசின் என்ற புரதக்கூறு பயறில் நிறைய இருக்கிறது, பயறில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொரு புரதக்கூறு தானியத்தில் இருக்கிறது, இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் போதும் என்ற அளவுக்குத் தெரியும். உலர்ந்த பயறு ஒரு கிண்ணம் போட்டால் வெந்து இரண்டரைக் கிண்ணத்துக்கு மேல் வரும், எனவே கொடுத்த காசுக்கு நன்றாக வயிறு நிரப்பும். ஆளுக்கு இத்தனை கிராம் என்ற கணக்கை மட்டும் கிழித்துப் போடுங்கள். 14 வயதுப் பையன் ஒரு ஆள் அல்ல.

உடனே ஒருவர் வந்து, "பணமே பத்தாதவனுக்கு டப்பாவும் அட்டவணையும் சோறு போடுமா?" என்று கேட்பார். போடாது. ஏழைக் குடும்பத்தின் வருமானத்தில் உணவுக்குப் போகும் பங்கு பெரிதாக இருக்கும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857லேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் சோம்பேறித்தனம், ஊதாரித்தனம் என்ற பேச்சு இல்லை. வருமானம் சிறிது, வயிறு அதே வயிறு. வருமானம் போதாத வீட்டில் வாடிய கீரையைக் காப்பாற்றி மாதக் கடைசியைத் தொட முடியாது. நான் எழுதுவது, மாதத்தில் எட்டுப் பத்து நாள்தான் இடிக்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. உங்கள் கணக்கு இருபதாம் தேதி என்கிறது, அதனால் உங்களையும் அதில் சேர்த்துக்கொண்டேன்.

எரிபொருள் செலவையும் மளிகைக் கணக்கிலேயே எழுதுங்கள். அதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. எங்களிடம் நல்ல பெரிய குக்கர் ஒன்று இருந்தது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் 120 டிகிரி வரை போகும், பயறு மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் வெந்துவிடும். அந்த அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பது மேலே உட்காரும் சின்ன வெயிட்தான். நெருங்கிய உறவினர் ஒருவர் விருந்துக்கென்று அந்தக் குக்கரை வாங்கிப் போனார். ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது, வெயிட் இல்லாமல். கேட்டால், "எங்களிடம் கொடுத்தபோதே அப்படித்தான் இருந்தது" என்கிறார். வெயிட் இல்லாத குக்கரில் அவர்கள் விருந்து சமைத்தார்களாம்! அந்த மாதிரிக்கு இப்போது உதிரிப்பாகம் கிடைப்பதில்லை. வேறு வெயிட்டைப் போட்டால் அழுத்தம் மாறும், ஆபத்து. நான்கு வருடமாக அது எங்கள் வீட்டில் கனமான அண்டாவாக இருக்கிறது. அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதில்தான் அவருக்குக் காபிக்கு வெந்நீர் வைக்கிறேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புதிய அட்டவணை எதுவும் போடாதீர்கள். இரண்டு வாரம் இரவுச் சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்து வந்த கையோடு. பிறகு யார் எதைப் பின்பற்றவில்லை என்று மனைவியோடு பேசலாம்.

பதிவிடும் முன் இதை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "ஏழு வாரம் இல்லை, ஆறு. கடைசி வாரம் நான்தான் சமைத்தேன்" என்றாள். அந்த வாரம் அவள் ஒரு கையால் வெங்காயம் உரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சமைத்தது நான்தான்.